தூக்குவார் யார்?

மன்னார்குடியை அடுத்த சிற்றூர் ஒன்றில், தை மாதத்தில் ஒரு திருமணம். புரோகிதர் இல்லை, ஓமப்புகை இல்லை, பட்டப்பகலில் அருந்ததியைத் தேடும் வேடிக்கை இல்லை. மணமக்கள் மாலை மாற்றினர், உறுதிமொழி படித்தனர், கூடியிருந்தோர் கைதட்டினர், திருமணம் முடிந்தது. 1967இல் அண்ணா அமைச்சரவை சட்டத்தின் ஒப்புதலைப் பெற்றுத் தந்த அதே எளிய முறை. தலைமை தாங்கும் பொறுப்பு நம்முடையது. தலைமை என்றால் பேச்சு. பேச்சு என்றால் நமக்குச் சொல்லவா வேண்டும்! நாற்பது நிமிடம் பேசினோம்.

பெண்ணைப் பிள்ளை பெறும் பொறியாக்காதீர் என்றோம். பிள்ளை எத்தனை என்பதை ஆண்டவன் அளக்க வேண்டாம், அறிவு அளக்கட்டும் என்றோம். கர்ப்ப ஆட்சி என்ற சொல் காதில் விழுந்தாலே முகம் சுளித்த 1930ஆம் ஆண்டுகளில் அதை மேடையேறிச் சொன்னவர் பெரியார் என்பதை நினைவூட்டினோம். ஒரு குழந்தை போதும், அது பெண்ணாயின் இன்னும் நன்று என்று முடித்தோம். பந்தல் அதிரக் கைதட்டினார்கள். மணமகள்கூடத் தலைநிமிர்ந்து சிரித்தாள். நமக்கும் மகிழ்ச்சிதான், மறைப்பானேன்!

பந்தி முடிந்து கைகழுவிக்கொண்டிருந்தபோது ஒரு மூதாட்டி அருகே வந்தார். அகவை எழுபத்தைந்துக்குக் குறையாது. உழைத்து உழைத்து வில்லாய் வளைந்த முதுகு.

"தம்பி, நல்லாத்தான் பேசுனீங்க. ஒண்ணு போதும்னீங்க. எனக்கும் ஒண்ணுதான். அது திருப்பூர்ல பனியன் கம்பெனியில கெடக்கு. நாளைக்கு நான் கெணத்தடியில விழுந்தா என்னை யாரு தூக்குவா?"

கடவுள் உண்டா என்று கேட்டிருந்தால் விடை வைத்திருந்தோம். தாலியில்லாமல் ஒரு கலியாணமா என்று கேட்டிருந்தால் விடை மட்டுமா, வேடிக்கைக் கதையும் வைத்திருந்தோம். சாத்திரம், சடங்கு, சோதிடம் எதைப்பற்றி யார் எங்கே மறித்துக் கேட்டாலும் நாம் நின்று பேசியவர்கள். இந்த ஒரு கேள்விக்கு நம்மிடம் விடை இல்லை. "பார்க்கலாம் அம்மா" என்றோம். பார்க்கலாம்! அதிகாரிகள் சொல்லும் சொல் அது. அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. வாதத்தில் தோற்றதனால் அன்று. அந்தக் கேள்வியை நாம் முன்பே ஒருமுறை, நம் வீட்டிலேயே, வேறு சொற்களில் கேட்டிருந்ததனால். அதை மறந்துவிட்டதாக நாமே நம்மை ஏமாற்றிக்கொண்டிருந்தோம். அதனைப் பின்னர்ச் சொல்வோம். முதலில் கணக்கைப் பார்ப்போம். பகுத்தறிவு பேசுவோருக்குக் கணக்கு கசக்கக் கூடாது.

1941க்கும் 1951க்கும் இடைப்பட்ட காலத்தில் இந்த நாட்டில் பிறந்த குழந்தை ஒன்று வாழுமென எதிர்பார்க்கப்பட்டது சுமார் 32 ஆண்டு. இன்று அது 70ஐ எட்டிவிட்டது. அம்மையைத் துரத்தினோம், காலராவை அடக்கினோம், பிள்ளைத்தாய்ச்சிகளை மருத்துவமனைக்கு வரவழைத்தோம். இவை ஆண்டவன் அருளால் வந்தவையல்ல. ஊசியும் மருந்தும் பள்ளிக்கூடமும் கொண்டுவந்தவை. பெண் படித்தாள், படித்தவள் பிள்ளைகளின் எண்ணிக்கையைத் தானே முடிவு செய்தாள். ஏழும் எட்டும் பெற்ற பாட்டிமாரின் பேத்திகள் ஒன்றோடும் இரண்டோடும் நிறுத்தினார்கள். மக்கள்தொகை குன்றாமலிருக்கப் பெண்ணுக்குச் சராசரியாக 2.1 பிள்ளை வேண்டும் என்பார்கள். 2020ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவுக் கணக்கில் தமிழ்நாட்டின் எண் 1.4.

எனவே 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் அறுபது அகவை கடந்தோர் 10.4 விழுக்காடு. 2031இல் அது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது வல்லுநர் மதிப்பீடு. ஐவரில் ஒருவர் என்று ஏறத்தாழ வைத்துக்கொள்ளுங்கள். நம்மை இந்த வகையில் முந்தி நிற்கும் பெரிய மாநிலம் கேரளம் ஒன்றுதான். பிரான்சு நாட்டில் அறுபத்தைந்து கடந்தோரின் பங்கு 7 விழுக்காட்டிலிருந்து 14 விழுக்காடாக உயர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அதற்குள் அந்நாடு செல்வம் சேர்த்தது, ஓய்வூதியம் வகுத்தது, மருத்துவமனை கட்டியது. நமக்கு அவ்வளவு அவகாசம் தரப்படவில்லை. வீடு கட்டி முடிக்குமுன் விருந்தினர் வந்துவிட்டனர்.

இதைக் கண்டு அஞ்சியவர்கள் உடனே கண்டுபிடித்த மருந்து என்ன தெரியுமா? மீண்டும் பெறுங்கள் என்பது! 2024 அக்டோபரில் ஆந்திர முதலமைச்சர் சந்திரபாபு நாயுடு அதை வெளிப்படையாகவே சொன்னார். நாடாளுமன்ற இடங்கள் குறையுமே என்ற கவலையோடு சேர்ந்து அக்குரல் தமிழ்நாட்டு மேடைகளிலும் எதிரொலித்தது. இடங்கள் பற்றிய கவலை நியாயமானது; அதற்குத் தனியே போராடுவோம். ஆனால் அரசு தன் கணக்கு தவறும்போதெல்லாம் பெண்ணின் வயிற்றைத் திருத்தப் புறப்படுவது எந்த ஊர் நியாயம்? நேற்று நிறுத்து என்றது. இன்று பெறு என்கிறது. இரண்டு நாளிலும் அவளைக் கேட்கவில்லை.

பிள்ளைகள் நிறைய இருந்தால் முதுமைக்குக் காவல் என்பது உண்மையானால் நம் அன்னையாருக்குக் குறையே வந்திருக்கக் கூடாது. அவர் ஏழு பெற்றார், நால்வர் தங்கினோம். மூவர் ஆண்மக்கள். "உனக்கென்னடி, மூணு சிங்கம்" என்று ஊர்ப்பெண்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். மூத்த சிங்கம் மும்பையில், இளைய சிங்கம் துபாயில், நடுச் சிங்கமாகிய நாம் சென்னையில், மேடையில், மைக்கின் முன்னால். நால்வரில் பெண்ணாய்ப் பிறந்த தமக்கை கும்பகோணத்தில் ஒரு தனியார் பள்ளியில் ஆசிரியை.

அன்னையார் தம் எழுபத்தொன்பதாம் அகவையில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை நடந்தது, பயன் பாதிதான். அதன்பின் அவர் எழுந்து நடக்கவில்லை. ஐந்து ஆண்டு படுக்கை. எவரும் கூட்டம் கூட்டித் தீர்மானம் போடவில்லை; தமக்கை தம் வேலையை விட்டார், அம்மாவைத் தம் வீட்டுக்கு அழைத்துச் சென்றார். அவ்வளவுதான். அது இயற்கையாக நடந்ததுபோல் நாங்கள் மூவரும் ஏற்றுக்கொண்டோம். மழை பெய்வதுபோல, பொழுது விடிவதுபோல, மகள் பார்த்துக்கொள்வாள். பெண்ணடிமை பற்றி நூறு கூட்டம் பேசிய நமக்கு இது பெண்ணடிமை என்று தோன்றவில்லை. அக்காவின் அன்பு என்று தோன்றிற்று. நாம் மாதந்தோறும் பணம் அனுப்பினோம். தவறாமல் அனுப்பினோம். அதில் நமக்குப் பெருமையும் இருந்தது.

படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். இல்லையேல் முதுகில் புண் விழும். இரண்டு மணிக்கு ஒருமுறை என்றால் இரவிலும்தான். கஞ்சியைக் கரண்டியால் ஊட்ட வேண்டும். புரையேறாமல் பார்க்க வேண்டும். துணி மாற்ற வேண்டும், துவைக்க வேண்டும், மீண்டும் மாற்ற வேண்டும். கடைசி இரண்டாண்டில் அன்னைக்கு நினைவு மங்கிற்று. தம் அருகில் நாள்தோறும் நிற்கும் மகளை நம் பெயர் சொல்லி அழைத்தாராம். "வந்துட்டியாப்பா" என்பாராம். தமக்கையும் "வந்துட்டேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்ப்பாராம். இதை அவர் நம்மிடம் குறையாகச் சொல்லவில்லை. ஊர்ச்செய்தி சொல்வதுபோல் சொன்னார்.

மகனிடம் இளமையைக் கடன் வாங்கிய யயாதி மன்னனின் கதை நமக்குத் தெரியும். தந்தைக்கு இளமையைத் தந்த மகனுக்கு அரியணை கிடைத்தது. புராணம் அவனைப் பாடிற்று. தம் நாற்பத்தாறு முதல் ஐம்பத்தொன்று வரையிலான ஐந்தாண்டைத் தாய்க்குத் தந்த நம் தமக்கைக்கு விட்டுப்போன வேலை திரும்பக் கிடைக்கவில்லை. வருங்கால வைப்புநிதி முறிந்தது முறிந்ததுதான். நாளை அவர் முதியவராவார். அன்று அவர் கையில் என்ன இருக்கும் என்று நாங்கள் மூன்று சிங்கங்களும் கேட்டுக்கொள்ளவில்லை.

அன்னை மறைந்தார். அப்போது நாம் ஓர் அரிய காரியம் செய்தோம். ஆண்பிள்ளை கொள்ளி வைத்தால்தான் 'புத்' என்னும் நரகத்திலிருந்து மீட்சி, அதனால்தான் புத்திரன் என்று பெயர் என்று ஒரு பெரியவர் தொடங்கினார். விடுவோமா? பார்த்துக்கொண்டவர் தமக்கை, அவரே கொள்ளி வைப்பார் என்று சுடுகாட்டில் நின்று வாதாடினோம். உறவினர் முணுமுணுத்தனர், இரண்டொருவர் வெளியேறினர், இறுதியில் தமக்கையே வைத்தார். வென்றோம் என்று நினைத்துக்கொண்டு வீடு திரும்பினோம்.

அன்றிரவு திண்ணையில் அவர் சொன்னார்: "கொள்ளி வைக்க உரிமை வாங்கிக் குடுத்தே, சரி. இந்த அஞ்சு வருசத்துல ஒரு மாசம் வந்து அம்மா பக்கத்துல இருந்திருந்தா, அந்த ஒரு மாசம் நான் தூங்கியிருப்பேன்."

செத்தபின் வருவதாகச் சொல்லப்பட்ட நரகத்திலிருந்து தாயை மீட்கும் வாதத்தை முறியடித்தோம். சாகுமுன் ஐந்தாண்டு அந்த வீட்டில் நடந்ததைப்பற்றி நம்மிடம் கொள்கை எதுவும் இருந்ததில்லை. மூதாட்டியின் கேள்வி நம்மைச் சுட்டதற்குக் காரணம் இதுதான். ஒன்று பெற்றவளுக்கு யார் என்று அவர் கேட்டார். நான்கு தங்கப் பெற்றவளுக்கும் ஒருத்திதானே இருந்தாள்!

இந்த இடத்தில் பண்பாட்டுக் காவலர்கள் புன்னகையோடு வருவார்கள். "கூட்டுக் குடும்பத்தைக் குலைத்தீர்கள், மூத்தோர் சொல் கேளாதீர் என்றீர்கள், இப்போது அனுபவியுங்கள்" என்பார்கள். நாமும் அந்தக் கூட்டுக் குடும்பத்தில் பிறந்து வளர்ந்தவர்தாம், ஐயா. அங்கே பெரியவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது, உண்மை. அந்தப் பெரியவர் பெயரில் நிலம் இருந்தவரை! அதே வீட்டின் பின்கட்டில், மொட்டையடித்து வெள்ளைப் புடைவை சுற்றி, நல்ல காரியத்தில் எதிரே வராதே என்று ஒதுக்கப்பட்ட அத்தைப்பாட்டியும் முதியவர்தான். அவர் சொல்லை யார் கேட்டார்? மதிப்புப் பெற்றது முதுமையன்று, பட்டா. பட்டாவே இல்லாத சேரியிலும் குப்பத்திலும் முதியவர் கடைசி நாள்வரை கூலிக்குப் போனார். போக முடியாத நாளில் படுத்தார். படுத்தவர் நெடுநாள் படுத்திருக்கவில்லை.

தென்மாவட்டச் சிற்றூர்களில் தலைக்கூத்தல் என்றொரு வழக்கம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தேறமாட்டார் என்று வீட்டார் முடிவு செய்த முதியவருக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிர்ந்த நீரில் குளிப்பாட்டி, இளநீர் மேல் இளநீராகக் கொடுப்பது. இரண்டொரு நாளில் காய்ச்சல் கண்டு அடங்கிவிடுவார். 2010இல் விருதுநகர் மாவட்டத்தில் எண்பது அகவை முதியவர் ஒருவர் தமக்கு அது நாள் குறிக்கப்படுவதை அறிந்து வீட்டைவிட்டு ஓடி உறவினர் வீட்டில் புகுந்தபோதுதான் நாடு திடுக்கிட்டது. செய்தவர்களை அரக்கர்கள் என்று எழுதிவிட்டு ஏடுகள் ஓய்ந்தன. அவர்கள் அரக்கரா? நாட்கூலி இழந்து படுக்கையருகே இருக்க இயலாதவர்கள், மாற்றித் தூக்க ஆளில்லாதவர்கள், மருந்துக்கும் மாற்றுத்துணிக்கும் வழியில்லாதவர்களும் அவர்களில் இருந்தனர். கொலை கொலைதான், மன்னிப்பதற்கில்லை. ஆனால் வறுமை கையில் எண்ணெய்க் கிண்ணத்தைக் கொடுத்தபோது சமுதாயம் எங்கே போயிருந்தது என்று கேட்காதவனுக்குத் தீர்ப்புச் சொல்லும் தகுதி இல்லை.

கண்ணிழந்த பெற்றோரைக் காவடியில் சுமந்த சிரவணன் கதையைச் சொல்லிப் பிள்ளைகளுக்குக் கடமை போதிக்கிறார்கள். கதையை முழுதும் சொல்லட்டும். அந்தப் பிள்ளை செத்தது எதனால்? அரசன் பாராமல் விட்ட அம்பினால்! சுமந்தவன் வீழ்ந்தபின் பெற்றோரும் மாண்டனர். சுமையை ஒருவன் தோளிலேயே வைத்தால் நேர்வது அது.

அரசின் அம்பறாத்தூணியில் இப்போது என்னதான் இருக்கிறது? அன்றைய சென்னை மாநிலம் 1962இல் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் உதவித்தொகையைத் தொடங்கிற்று. ஒன்றிய அரசு நாடு முழுமைக்குமான திட்டத்தைக் கொண்டுவந்தது 1995இல்தான். அந்த முன்னோடிப் பெருமை நமக்கு உண்டு. தமிழ்நாட்டில் அத்தொகை 2023 ஆகஸ்ட்டில் 1,200 ரூபாயாயிற்று. நாளொன்றுக்கு 40 ரூபாய். இதில் எழுபத்தொன்பது அகவை வரையுள்ளோர்க்கு ஒன்றிய அரசின் பங்கு 200 ரூபாய். 2007இலும் 200, 2025இலும் 200. விலைவாசி ஏறாத நாடு ஒன்று தில்லியில் இருக்கிறதுபோலும்!

2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டமும் வந்தது. கோட்டாட்சியர் முன் மனுக் கொடுத்தால் வழக்குரைஞர் இல்லாமலே பிள்ளைகளிடமிருந்து மாதம் 10,000 ரூபாய் வரை பெற்றுத்தர வழியிருக்கிறது. பார்த்துக்கொள்வதாக எழுதி வாங்கிய சொத்தை, பார்க்காவிட்டால் திருப்பிப் பெறவும் வழியிருக்கிறது. நல்ல சட்டம், வேண்டிய சட்டம். ஆனால் கூர்ந்து படியுங்கள். பிள்ளையுள்ளவர் பிள்ளையைக் கேட்கலாம். பிள்ளையற்றவர், தம் சொத்துக்கு வாரிசாகும் உறவினரைக் கேட்கலாம். பிள்ளையும் சொத்தும் அற்றவர்? மாவட்டத்துக்கு ஒன்றேனும் 150 பேர் தங்கும் முதியோர் இல்லத்தை மாநில அரசு ஏற்படுத்தலாம் என்கிறது சட்டம். ஏற்படுத்த வேண்டும் என்று சொல்லவில்லை, ஏற்படுத்தலாம்! பிள்ளையிடம் சொல்லும்போது 'வேண்டும்', அரசிடம் சொல்லும்போது 'லாம்'. இந்த ஒரு விகுதியில் எத்தனை முதியோரின் உயிர் தொங்குகிறது!

ஜப்பான் நாட்டில் இன்று நூற்றுக்கு 29 பேர் அறுபத்தைந்து கடந்தவர்கள். அங்கேயும் மருமகள்தான் மாமியாரைப் புரட்டிப் படுக்கவைத்தாள். மகளிர் அமைப்புகள் அதை எதிர்த்துக் குரல் எழுப்பின. 2000 ஏப்ரலில் பராமரிப்புக் காப்பீடு வந்தது: நாற்பது அகவை எட்டிய ஒவ்வொருவரும் அதற்குப் பணம் கட்டுகிறார்கள், அரசும் தன் பங்கைப் போடுகிறது, குளிப்பாட்டவும் ஊட்டவும் பயிற்சி பெற்றவர் ஊதியத்துக்கு வீடு தேடி வருகிறார். சொர்க்கம் வந்துவிடவில்லை. எவரும் அறியாமல் தனியே இறந்துகிடக்கும் முதியோர் அங்கும் உண்டு. ஆனால் புரட்டிப் படுக்கவைப்பது ஒரு தொழில், அதற்குக் கூலி உண்டு, அது குடிமக்களின் பொதுப் பொறுப்பு என்று எழுதி வைத்துவிட்டார்கள்.

இங்கே ஒன்றுமே இல்லை என்று நாம் சொல்லமாட்டோம். முதியோர்க்கெனத் தனி மருத்துவம் இந்தியாவில் தொடங்கியது சென்னை அரசுப் பொது மருத்துவமனையில், 1978இல், மருத்துவர் வ.செ. நடராசன் முயற்சியால். 2021 ஆகஸ்ட்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீட்டுக்கே வந்தது. படுக்கையில் கிடப்போர்க்கு இயன்முறைச் சிகிச்சையும் வலிதணிப்பும் அத்திட்டத்தில் சேர்ந்தன. நம் தமக்கைக்கு வாரத்தில் இரண்டு நாள் அப்படியொரு கை உதவியிருந்தால்! அந்தக் கை நாள்தோறும் வர வேண்டும், எல்லா வீட்டுக்கும் வர வேண்டும், வருபவருக்கு உரிய ஊதியம் வேண்டும். கேட்க வேண்டியது இதைத்தான். கருணையாக அன்று, வாழ்நாளெல்லாம் நாற்று நட்டவருக்கும் கல் சுமந்தவருக்கும் சேர வேண்டிய பாக்கியாக.

தை போய் மாசியில் அதே ஊருக்கு மீண்டும் போனோம். கூட்டம் எதுவும் இல்லை, மூதாட்டியைப் பார்க்கத்தான். நம்மைக் கண்டு வியந்தார். பேச்சுவாக்கில் தெரிந்தது, இரண்டு மாதமாக அவருக்கு ஓ.ஏ.பி. பணம் வரவில்லையாம். வரவில்லையா, எடுக்க முடியவில்லையா என்று கேட்டோம். ஊருக்கு வரும் வங்கி முகவரின் இயந்திரத்தில் "ரேகை விழல" என்றார். கையை நீட்டினார். பார்த்தோம். ஐம்பது ஆண்டு சேற்றில் நாற்றுப் பிடித்த விரல்கள், வழவழவென்று தேய்ந்திருந்தன. உழைத்ததற்குச் சான்று அந்த விரல்; அவர் அவர்தான் என்பதற்குச் சான்றாக அது செல்லவில்லை.

மறுநாள் அவரை அழைத்துக்கொண்டு நகரத்துக் கிளைக்குப் போனோம். வரிசையில் ஒன்றரை மணி நேரம். பத்து விரலையும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தார்கள். ஈரத்துணியால் துடைத்து வைத்துப் பார்த்தார்கள். கைரேகையைப் புதுப்பித்துக்கொண்டு வரச் சொன்னார்கள். புதுப்பிக்கும் இடத்திலும் விரல் விழவில்லை. கருவிழியைப் படம் பிடிக்க முயன்றார்கள், இடக்கண்ணில் புரை. அங்கே இருந்த இளைஞன் நல்லவன். "ஆயா, கொஞ்சம் கண்ணை அகலமாத் தொறங்க" என்று ஐந்தாறு முறை பொறுமையாகக் கேட்டான். எதையோ பதிந்தான். ஆனதா என்று கேட்டோம். வரும் வாரம் தெரியும் என்றான்.

திரும்பும் பேருந்தில் படி உயரம். அவர் காலைத் தூக்கி வைக்க இயலாமல் நின்றார். பின்னால் நின்றவர்கள் அவசரப்படுத்தினார்கள். நடத்துநர் மேலிருந்து கையைப் பிடிக்க, நாம் கீழிருந்து தாங்கினோம். எடை ஒன்றுமே இல்லை. அவருக்குப் பயணம் இலவசம். நமக்கு மட்டும் சீட்டு வாங்கினோம். மகன் பொங்கலுக்கு வந்ததையும், பேரனுக்கு ஆங்கிலப் பள்ளியில் பணம் கட்டியதையும், அதனால் இப்போது எதுவும் அனுப்ப முடியாததையும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தார். மகனைக் குறை சொல்லவே இல்லை. கேள்வியையும் மறுபடி கேட்கவில்லை.

ஊர் வந்ததும் நம் தமக்கைக்குத் தொலைபேசினோம். நெடுநாளைக்குப் பின், நாமாக. அடுத்த வாரம் கும்பகோணம் வந்து தங்குவதாகச் சொன்னோம். "எதுக்கு, கூட்டமா?" என்றார். இல்லை என்றோம். சிறிது நேரம் அவர் பேசவில்லை. பிறகு, தம் முழங்கால் வலிக்கு மருத்துவர் எழுதிக் கொடுத்த தைலம் சென்னையில் கிடைத்தால் வாங்கிவரச் சொன்னார்.

வரும் பத்தாம் நாள் மூதாட்டியை மீண்டும் வங்கிக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். நாமும் வருவதாகச் சொல்லியிருக்கிறோம்.